அவசர இரவுக்கு அலமாரி தயாரா?

இரவு எட்டரை மணி. பேருந்தில் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தவருக்கு அடுப்படிப் பக்கம் போகவே மனமில்லை. கைபேசியில் தட்டினால் அரை மணி நேரத்தில் பரோட்டா வந்துவிடும். அதுவும் வேண்டாமென்றால் நூடுல்ஸ் பாக்கெட் இருக்கிறது. அந்த நேரத்தில் யாரிடமும் சத்துணவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பசியும் களைப்பும் சேர்ந்துகொண்டால், கைக்கு எட்டியதுதான் சாப்பாடு.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதத்துக்குத் தவறான உணவுப் பழக்கமே காரணம் என்று மதிப்பிடுகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். இந்தச் சுமையில் ஒரு பங்கு இரவு எட்டரை மணி முடிவுகளால் சேர்வதுதான். அந்த முடிவை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எடுத்து, டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட முடியும்.

இதற்கு வெளிநாட்டுச் சமையல் குறிப்பெல்லாம் வேண்டாம். பருப்புப்பொடி, இட்லி மாவு, கொள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தல் என்று நம் வீடுகளில் இருந்தவை எல்லாமே முன்கூட்டிச் செய்துவைத்த உணவுகள்தாம். ஆனால் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதும் சரியல்ல. வெயிலில் நாளெல்லாம் உழைத்தவர்களுக்கு ஏற்ற உப்பும் எண்ணெயும், நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்றவை அல்ல.

பொடிக்குள் இருக்கும் பருப்பு

பொடி என்றால் பலருக்கும் காரம்தான் நினைவுக்கு வரும். நல்ல பருப்புப்பொடியில் முக்கால் பங்குக்கு மேல் பருப்புதான் இருக்க வேண்டும். ஒரு கப் துவரம்பருப்புக்கு கால் கப் பொட்டுக்கடலை, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நான்கைந்து காய்ந்த மிளகாய், கொஞ்சம் பெருங்காயம். பருப்பை வெறும் வாணலியில், சிறு தீயில், வாசனை வந்து பொன்னிறமாகும்வரை வறுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பெருந்தீயில் வறுத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாகவே நிற்கும். பச்சை வாடை அடிக்கும் பொடி வயிற்றுக்கும் ஆகாது. முழுக்க ஆறிய பிறகே அரைக்க வேண்டும்.

துவரம்பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. சோற்றில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 20 கிராம் பொடி போட்டுப் பிசைந்தால் நான்கு கிராம் புரதம் கிடைக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 46 கிராம். ஆக, அந்தப் பொடி நாள் தேவையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அது மட்டும் போதாது. கூட ஒரு முட்டையோ தயிரோ சுண்டலோ வேண்டும். ஆனால் வெறும் ஊறுகாய்ச் சோற்றோடு ஒப்பிட்டால் இந்தத் தட்டு எவ்வளவோ மேல்.

கொங்கு நாட்டு வீடுகளில் கொள்ளு இன்றும் புழங்குகிறது. புரதத்தில் துவரம்பருப்புக்கு இளைத்ததல்ல. நார்ச்சத்தும் இரும்பும் உண்டு. கொள்ளு தின்றால் எடை தானாகக் குறையும் என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் நிற்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி.

எலுமிச்சை ஏன் கூட வேண்டும்?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது தெரியவந்தது. கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி, முருங்கைக்கீரைப் பொடி எல்லாவற்றையும் இரும்புச் சத்துக்காகச் சிபாரிசு செய்கிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தாவர உணவில் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை. பருப்பிலும் தானியத்திலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதற்கு வைட்டமின் சி நல்ல மாற்று. பொடி போட்ட சோற்றில் அரை மூடி எலுமிச்சையைப் பிழியலாம். ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளலாம். கொய்யாத் துண்டு இருந்தாலும் சரி. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பது இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. குறைந்தது ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுவது நல்லது. ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவர்கள் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

மாவு ஒன்று, வேளை நான்கு

உளுந்தும் அரிசியும் ஊறி, அரைபட்டு, இரவெல்லாம் புளிக்கும்போது லியூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. மாவு பொங்குவது வாயுவால். அந்த அமிலம் கெடுதல் செய்யும் கிருமிகள் பலவற்றை அண்டவிடாது. புளிப்பின்போது ஃபைட்டேட் குறைகிறது, சில பி வைட்டமின்கள் கூடுகின்றன, செரிமானமும் எளிதாகிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு வெள்ளை இட்லி அவ்வளவு பாதுகாப்பானது அல்ல. வெந்த அரிசி மாவு விரைவாகச் சர்க்கரையாக மாறிவிடும். உளுந்தைக் கூட்டுவது, தோலோடு கூடிய கருப்பு உளுந்தைப் போடுவது, அரிசியில் ஒரு பகுதிக்குப் பதில் சாமை, வரகு, தினை சேர்ப்பது ஆகியவை உதவும். சிறுதானியம் என்ற பெயரைக் கேட்டதும் ஆறு இட்லி தட்டில் விழுந்தால் பயன் இல்லை. மூன்று இட்லி, ஒரு கிண்ணம் காய் நிறைந்த சாம்பார் என்பதே கணக்கு.

பொங்கிய மாவைக் கலக்காமல் இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. மூன்று நான்கு நாட்கள் தாங்கும். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசியில் வெங்காயம், கேரட், முருங்கைக்கீரை போட்ட ஊத்தப்பம் அல்லது பணியாரம். நிறம் மாறியிருந்தாலோ பூஞ்சை தெரிந்தாலோ மேலாக வழித்துவிட்டு ஊற்றும் சிக்கனம் வேண்டாம்.

உப்பும் எண்ணெயும்

நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி அளவு. பல உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டுகளில் அந்த நாள் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வேளையில் போய்விடுகிறது. வீட்டுப் பொடியின் பெரிய வசதி, உப்பு நம் கையில் இருப்பதுதான். பொடியில் உப்பே சேர்க்காமல் அரைத்து வைத்து, சாப்பிடும்போது தேவைக்குக் கொஞ்சம் தூவிக்கொள்ளலாம். புளிப்பும் காரமும் இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது.

சுண்டைக்காய், மணத்தக்காளி வத்தல்கள் உப்பு மோரில் ஊறிக் காய்ந்தவை. அவற்றைப் போட்டு வற்றல் குழம்பு வைக்கும்போது குழம்பில் உப்பைக் குறைக்க வேண்டும். அப்பளமும் ஊறுகாயும் அதே வேளையில் சேர்ந்தால் கணக்கு எகிறிவிடும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றும்போது கை தாராளமாகிவிடுகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், 120 கலோரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மாதிரித் தட்டில் ஒரு நாள் முழுவதற்குமான எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம்தான். குழி போட்டு ஊற்றிய எண்ணெயிலேயே அந்த நாள் அளவில் பாதி முடிந்துவிடும். பொடியைக் கொஞ்சம் தயிரில் குழைத்துத் தொட்டுக்கொண்டால் ருசியும் கெடாது.

ஈரம்தான் எதிரி

உணவு கெடுவதற்குத் தண்ணீர் வேண்டும். பொடி மாதக்கணக்கில் நிற்பது அதில் ஈரம் இல்லாததால்தான். ஈரக் கரண்டி ஒருமுறை உள்ளே போனாலே போதும், ஓரத்தில் கட்டி கட்டத் தொடங்கும். வறுத்த சூட்டோடு மூடி வைத்தால் ஆவியே தண்ணீராகி இறங்கும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவை வெயிலில் காயவைத்து, ஒரு மாதத்துக்கு உரியதை மட்டும் அரைப்பது நல்லது. எள், நிலக்கடலை, கொப்பரை சேர்ந்த பொடிகளில் எண்ணெய் இருப்பதால் அவை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அவற்றை இரண்டு வார அளவில் செய்தால் போதும்.

நிலக்கடலையும் மிளகாயும் சரியாகக் காயாமல் போனால் அவற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புடைய நஞ்சு அது. வீட்டு வறுவலில் முழுவதுமாக அழியாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது.

இஞ்சி பூண்டு விழுது இன்னும் கவனம் வேண்டியது. பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து அறை வெப்பத்தில் வைத்தால், காற்றில்லாத அந்த இடத்தில் பாட்யுலிசம் என்ற நோயை உண்டாக்கும் நுண்ணுயிரி வளர வாய்ப்பு உண்டு. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் எண்ணெயில் வைத்த பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் இந்த நோயால் பாதிக்கப்பட்டனர். நிறத்திலோ வாசனையிலோ எதுவும் தெரியாமல் போகலாம். விழுதை ஃப்ரிட்ஜில் சில நாட்களுக்கு மட்டும் வைக்கலாம். மீதத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிட்டால் ஒவ்வொரு கட்டியாக எடுத்துக் குழம்பில் போடலாம். புளிக்காய்ச்சலுக்கு இந்தச் சிக்கல் குறைவு. புளியின் அமிலமும், சுண்டக் காய்ச்சியதும், உப்பும் சேர்ந்து அதைக் காக்கின்றன.

முளைகட்டிய பயறு சத்தானது. முளைவிடும்போது வைட்டமின் சி கூடுகிறது. ஆனால் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை மூலம் பரவிய ஈ கோலை தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பச்சையாகச் சாப்பிடாமல் ஆவியில் வேகவைப்பதே நல்லது, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும்.

சத்துமாவு யாருக்கு?

கேழ்வரகு, கம்பு, பயறு, பொட்டுக்கடலை என்று இருபது பொருள் சேர்த்தால் இருபது மடங்கு சத்து வராது. ஐந்தாறு பொருள் போதும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தானியங்களில் இது மிக அதிகம். முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் கஞ்சி நீர்த்து எளிதில் செரிக்கும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதலில் ஒரு தானியம் மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். கடலை, முந்திரி கலந்ததை ஒரேயடியாகக் கொடுத்தால் ஒவ்வாமை எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்க வேண்டியதே இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு நைசாக அரைத்த கஞ்சியைவிட அடையும் களியும் நல்லவை. அளவு அங்கேயும் முக்கியம்.

வேலை யார் தலையில்?

இதையெல்லாம் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் பெண்களின் தலையில் கட்டுவது எளிது. 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். பொடி அலமாரி உடல்நலத்துக்கு உதவ வேண்டுமானால் இந்த எண்கள் நகர வேண்டும். பருப்பு வறுக்க, மாவு அரைக்க, ஊறிய கொண்டைக்கடலையை வேகவைத்துச் சிறு டப்பாக்களில் பிரித்து உறைய வைக்க ஓரிரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு பேர் சேர்ந்தால் அதில் பாதி. டப்பா மூடியில் தேதி எழுதி ஒட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய நினைத்தால் இரண்டாவது வாரமே சலித்துவிடும். வரும் ஞாயிறு பருப்புப்பொடி மட்டும் வறுத்து வையுங்கள். அது தீர்ந்த பிறகு அடுத்த டப்பாவைப் பற்றி யோசிக்கலாம்.