மெர்க்குரி (திரைப்படம்)

மெர்க்குரி என்பது 2018 ஆம் ஆண்டு வெளியான, உரையாடல் இல்லாத திகில் திரைப்படம் ஆகும். கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய இப்படத்தில் பிரபுதேவா, சனந்த், தீபக் பரமேஷ், இந்துஜா ஆகியோர் நடித்துள்ளனர். இசையமைப்பு சந்தோஷ் நாராயணன், ஒளிப்பதிவு திரு. இப்படம் ஏப்ரல் 13 அன்று பிற மாநிலங்களில் வெளியானது. திரைத்துறை வேலைநிறுத்தம் காரணமாகத் தமிழ்நாட்டில் ஏப்ரல் 20 அன்றே திரையிடப்பட்டது.

கதைச் சுருக்கம்

பாதரச நச்சினால் கேட்கும் திறனையும் பேசும் திறனையும் இழந்த ஐந்து நண்பர்கள் ஓர் இரவில் மகிழுந்தில் செல்லும்போது விபத்து ஏற்பட்டு ஒருவர் இறக்கிறார். அவரது உடலை அவர்கள் கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலையில் மறைக்கின்றனர். பின்னர் அங்கேயே அவர்களுக்கு ஆபத்து காத்திருக்கிறது. அவர்களைத் துரத்தும் உருவத்துக்குப் பார்வை இல்லை. அது ஒலியைக் கொண்டே அவர்களைத் தேடுகிறது. தாங்கள் எழுப்பும் ஒலியோ நண்பர்களுக்குக் கேட்பதில்லை.

ஊமைப்படங்களுடன் ஒப்பீடு

தொடக்ககாலத் திரைப்படங்கள் ஒலிப்பதிவு வசதியின்மையால் பேசாதிருந்தன. வசனத்தை எழுத்தட்டைகள் காட்டின. சப்பானில் பென்சி எனப்பட்ட கதைசொல்லி திரையருகே இருந்து காட்சிகளை விளக்கினார். தெய்னோசுகே கினுகாசா 1926 இல் இயக்கிய 'குருத்த இப்பேஜி' என்ற சோதனைப் படத்தில் எழுத்தட்டைகளே இல்லை. மனநல மருத்துவமனையில் நிகழும் அப்படத்தையும் அக்காலத்தவர் பென்சியின் துணையுடனேயே கண்டனர்.

தமிழில் 1987 இல் 'பேசும் படம்' என வெளியான சிங்கீதம் சீனிவாசராவின் படம் நகைச்சுவைக்கு மௌனத்தைப் பயன்படுத்தியது. மெர்க்குரியிலோ மௌனமே அச்சத்துக்குக் காரணமாகிறது. காலடி ஓசையும் உலோகச் சத்தமும் பார்வையாளருக்குக் கேட்கின்றன. திரையில் உள்ள நண்பர்களுக்குக் கேட்பதில்லை. எனவே ஆபத்து நெருங்குவதை அவர்களுக்கு முன்பே பார்வையாளர் அறிந்துகொள்கிறார்.

பாதரச நச்சு

பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் உலோகம் ஆகும். சப்பானின் மினமாட்டா நகரில் தொழிற்சாலைக் கழிவுநீரில் கலந்த மெத்தில் பாதரசம் மீன்கள் வழியாக மக்களின் உடலில் சேர்ந்தது. இந்நோய் 1956 இல் கண்டறியப்பட்டது. தாயின் வயிற்றிலிருந்த குழந்தைகளும் பாதிக்கப்பட்டனர்.

தமிழ்நாட்டில் கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் வெளியே கொட்டப்பட்டது தெரியவந்ததை அடுத்து 2001 இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் 2016 இல் உடன்பாடு செய்துகொண்டது.

இப்படத்தின் பாத்திரங்கள் பேசாதிருப்பதற்கும் இத்தகைய நச்சே காரணம். அவர்களின் குரலைப் பறித்த தொழிற்சாலையிலேயே கதையின் முக்கியக் காட்சிகள் நிகழ்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது.