பெரிய அரங்கமா, பக்கத்துப் பள்ளியா?

நம் தோட்டத்துத் திடல்களில் கால்பந்துக்குத்தான் முதலிடம். ஆயினும் கிரிக்கெட் ஆட்டத்தை அறியாத வீடு குறைவு. ஒரு நகரம் தன் கிரிக்கெட் அரங்கத்தைப் பெரிதாக்கிக் கட்ட நினைத்தால் என்னென்ன கேள்விகள் எழும்? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் எழுந்த வாதத்தைக் கொண்டு இதனை இன்று ஆராய்வோம்.

பிரிஸ்பேன் நகரின் கிரிக்கெட் அரங்கத்தைக் 'காபா' என்று அழைப்பார்கள். வுல்லன்காபா என்னும் வட்டாரத்தில் இருப்பதால் வந்த சுருக்கப் பெயர் அது. அங்கே முதல் ஆட்டம் நடந்தது 1896ஆம் ஆண்டில். 1931இல் முதல் டெஸ்ட் பந்தயம் நடைபெற்றது. 1960ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் அங்கே மோதின. இரு குழுக்களின் ஓட்டங்களும் சமமாக முடிந்தன. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு முடிந்த முதல் பந்தயம் அதுவே.

நமக்கும் அந்தத் திடலோடு ஓர் உறவு உண்டு. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்த நடராஜன், இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடியது அங்கேதான். அது 2021 ஜனவரியில். சென்னையைச் சேர்ந்த வாஷிங்டன் சுந்தருக்கும் அதுவே முதல் டெஸ்ட். இந்தியா வென்றது. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அத்திடலில் டெஸ்ட் பந்தயம் ஒன்றில் தோற்றது அதுவே முதல் முறை.

அதே 2021ஆம் ஆண்டில், 2032 ஒலிம்பிக் போட்டிகளை நடத்தும் பொறுப்பு பிரிஸ்பேன் நகருக்குக் கிடைத்தது. காபாவை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று குவீன்ஸ்லாந்து மாநில அரசு திட்டமிட்டது. சுமார் 42,000 பேர் அமரும் அரங்கம் 50,000 பேர் அமரும் அரங்கமாகும். முதலில் சொன்ன செலவு 100 கோடி ஆஸ்திரேலிய வெள்ளி. 2023ஆம் ஆண்டில் அந்தத் தொகை 270 கோடியாக உயர்ந்தது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடுதலாகக் கிடைப்பவை 8,000 இருக்கைகள். 270 கோடியை 8,000ஆல் வகுத்தால், ஓர் இருக்கைக்கு 3,37,500 வெள்ளி ஆகிறது! எதிர்த்தவர்கள் இப்படிக் கணக்கிடலாம். ஆதரித்தவர்களோ, "பழைய இருக்கைகளும் புதியவை ஆகின்றனவே! 50,000ஆல் அல்லவா வகுக்க வேண்டும்?" என்று கேட்கலாம். அப்போது ஓர் இருக்கைக்கு 54,000 வெள்ளி. செலவு ஒன்றுதான். எதனால் வகுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. யாராவது ஒரு கணக்கை நம் முன் வைத்தால், அது எப்படி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆதரித்தவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய அரங்கம் முதுமை அடைந்துவிட்டது. சக்கர நாற்காலியில் வருவோர் எளிதாகச் சென்றுவர வசதி போதாது. நல்ல அரங்கம் இல்லாவிட்டால் பெரிய பந்தயங்கள் வேறு நகரங்களுக்குப் போய்விடும் என்றும் அவர்கள் அஞ்சினார்கள்.

ஆனால் காபாவை ஒட்டியே ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. கிழக்கு பிரிஸ்பேன் அரசுப் பள்ளி என்பது அதன் பெயர். 1899இல் திறக்கப்பட்டது. அரங்கம் விரிவதற்காக அப்பள்ளியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்றது திட்டம். பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒலிம்பிக் போட்டி நடப்பதோ சில வாரங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியோ ஆண்டு முழுவதும் வேண்டும்.

இந்தக் கவலை நமக்கு எளிதில் விளங்கும். தோட்டத்துத் தொழிற்சாலையைப் பெரிதாக்குவதற்காகப் பள்ளியை இரண்டு மைல் தள்ளி வைக்கிறோம் என்று நிர்வாகம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதிகாலையில் பெரட்டுக்குப் போகும் தாய், பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பாள்? புதிய பள்ளிக் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நடந்து போகும் தொலைவில் இருந்த பள்ளிக்கு அது ஈடாகாது.

பிரிஸ்பேனில் பிறகு என்ன நடந்தது? செலவையும் எதிர்ப்பையும் கண்டு, நகர மேயரே 2023 டிசம்பரில் ஆதரவை விலக்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு, கிரஹாம் குவர்க் என்னும் முன்னாள் மேயரின் தலைமையில் ஒரு குழு திட்டத்தை மறு ஆய்வு செய்தது. காபாவைக் கைவிட்டு, விக்டோரியா பூங்காவில் புதிய அரங்கம் கட்டலாம் என்றது அக்குழு. அரசு 2024 மார்ச்சில் காபா திட்டத்தைக் கைவிட்டது. பூங்கா யோசனையையும் ஏற்கவில்லை. பள்ளி தன் இடத்திலேயே தங்கியது.

கதை அத்துடன் முடியவில்லை. 2024 அக்டோபர் தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரங்கம் கட்டமாட்டோம் என்று தேர்தலுக்கு முன் சொன்னவர்களே, 2025 மார்ச்சில் விக்டோரியா பூங்காவில் 63,000 பேர் அமரும் அரங்கம் எழும் என்று அறிவித்தார்கள். மதிப்பிட்ட செலவு 380 கோடி வெள்ளி. ஒலிம்பிக் முடிந்தபின் காபா இடிக்கப்படும் என்றும் சொன்னார்கள். இப்போது பூங்காவைக் காக்க விரும்பியோர் எதிர்த்தார்கள். அந்நிலத்தைப் பாரம்பின் என்று அழைக்கும் ஆதிக்குடி மக்களில் சிலரும், அது தங்கள் முன்னோர் கூடி வாழ்ந்த இடம் என்று குரல் கொடுத்தார்கள். பள்ளி தப்பியது, ஆனால் இழப்பு யாருக்கு என்ற கேள்வி பூங்காவின் வாசலுக்குப் போய்விட்டது.

ஆகவே, எந்தப் பொதுத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இதனால் யாருக்கு, எத்தனை நாளுக்குப் பயன்? இதற்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுப்பவர் யார்? விழா முடிந்தபின் அந்த இடத்தில் நிலைத்து நிற்பது என்ன? இவற்றைக் கேட்பவர் முன்னேற்றத்துக்குப் பகைவர் அல்லர். பிரிஸ்பேன் பெற்றோரிலும் கிரிக்கெட் பிரியர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

நேயர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், அசதி என்று வீட்டில் தங்கிவிடாதீர்கள். பள்ளியைப் பற்றியும் திடலைப் பற்றியும் பேச்சு எழும்போது, அந்த இடத்தை நாள்தோறும் பயன்படுத்துகிறவர்கள் அங்கே இருக்க வேண்டும். தீர்மானம் எழுதிய பிறகு போய் வருந்துவதைவிட, எழுதும் முன் போய்க் கேட்பது மேல்.