உம்மாமார் மறைக்கும் சிறுநீர்க் கசிவு

ஹட்டன், நுவரெலியா பக்கம் வயதான உம்மாமார் சிலர் தராவீஹுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் குளிர், முழங்கால் வலி என்பார்கள். இருமினாலோ படி ஏறினாலோ சிறுநீர் கசிகிறது என்று பெற்ற மகளிடம்கூடச் சொல்வதில்லை.

பிள்ளைப்பேறும், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசைகளைத் தளர்த்துகின்றன. கசிவுக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் எடை கூடும், மலச்சிக்கல் வரும். இரண்டும் அதே தசைகளையே அழுத்தும். கால்களும் பலமிழந்தால் கழிப்பறைக்குப் போய்ச் சேருமுன்பே கசிந்துவிடும். பகல் முழுக்கக் கதிரையில் இருப்பவருக்குக் காலில் தேங்கும் நீர், இரவு படுத்ததும் இரத்தத்தில் கலந்து பலமுறை எழுப்பும். தண்ணீரைக் குறைப்பது தீர்வல்ல. பிளேன்டீயைக் குறைக்கலாம்.

1948இல் அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கீகல் எழுதிய பயிற்சி எளிது. சிறுநீரை அடக்குவதுபோலத் தசையை ஐந்து விநாடி இறுக்கி, பின் தளர்த்த வேண்டும். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதமாகலாம். கூடவே நடையும் வேண்டும். மேடேற முடியாதவர் முற்றத்தில் நடக்கட்டும்.

இதற்காகத் தொழுகையை விடவேண்டியதே இல்லை. ஷாபிஈ மத்ஹபில், தொடர்ந்து கசிபவர் வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூ எடுத்துத் தாமதிக்காமல் தொழலாம்.

எரிச்சல், இரத்தம், திடீரெனக் கூடும் கசிவு என்றால் வைத்தியரிடம் போகவேண்டும், நீரிழிவும் காரணமாகலாம். மற்றவர்கள் 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்கில் கேட்கலாம். பேச்சை எடுக்க மகளோ மருமகளோ கூடப் போகட்டும்.