பாறையில் படுத்த யானை

சுவர்க் காரையிலும் மரப்பட்டையிலும் பாறையிலும் எவரும் வரையாத முகமோ உருவமோ தென்படுவதை உளவியலார் பேரிடோலியா என்பர். முகங்களைக் காணும்போது கூடுதலாக வினையாற்றும் மூளைப் பகுதி ஒன்றை நான்சி கான்விஷர் குழுவினர் 1997இல் விவரித்தனர். இரு குழிகளும் அவற்றின்கீழ் ஒரு பிளவும் இருந்தாலே முகம் என்று கொள்ளும் அளவுக்கு மனிதப் பார்வை அவசரப்படுகிறது. அந்த அவசரத்திற்கு ஒளியும் துணைபோகும். 1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 விண்கலம் தாழ்ந்த வெயிலில் எடுத்த படத்தில் முகமாகத் தெரிந்த செவ்வாய்க் குன்று, 1998இலும் 2001இலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் எடுத்த தெளிவான படங்களில் வெறும் மேடாகவே இருந்தது.

மதுரைச் சமவெளியிலோ இத்தகைய தோற்றம் யானைமலை, நாகமலை, பசுமலை என மூன்று குன்றுகளுக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. மதுரையை அழிக்கச் சமணர் ஏவிய யானையும் பாம்பும் மாயப்பசுவுமே இவ்வாறு மலைகளாயின என்பது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் கதை. ஆயினும் யானைமலையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தையதாகக் கருதப்படும் தமிழ்-பிராமிக் கல்வெட்டே, யானையைக் குறிக்கும் 'இவ' என்னும் சொல்லால் இக்குன்றைச் சுட்டுவதால், புராணம் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, அதுவும் அங்குத் தங்கியிருந்த சமணர் காலத்திலேயே, இப்பாறை யானையாகத் தெரிந்திருந்தது என்று கொள்ளலாம்.

ஒத்தக்கடைக்கு அருகிலுள்ள இம்மலையைப் படமெடுப்போர் நிற்கும் இடமே யானையை ஆக்கவோ அழிக்கவோ வல்லது. தொலைவில் நின்று, தூரத்தை அருகாகக் காட்டும் டெலி லென்ஸைப் பயன்படுத்தினால் தலை, முதுகு ஆகியவற்றின் விகிதம் கெடாமல் படுத்த யானை முழுதாக அகப்படும். அடிவாரத்திற்கே சென்று, பரந்த காட்சியை அடக்கும் வைடு லென்ஸை வைத்தால், முன்னிருக்கும் பாறை பெருத்து, யானை கலைந்துபோகும். காலை, மாலைச் சாய்வெயில் பாறையின் மடிப்புகளில் நிழலிட்டு உடலின் திரட்சியைக் காட்ட, உச்சிவெயில் அந்நிழல்களைத் துடைத்துவிடும்.

நாகமலைக்கு இத்தனை பாடு வேண்டியதில்லை. நீண்டு கிடக்கும் எந்த மலைத்தொடரும் பாம்பாகிவிடும். பசுமலையில் பசுவைப் படம்பிடிப்பதற்கு மட்டும் லென்ஸைவிடப் புராணமே கூடுதலாக உதவும்.