பழைய ஸ்டுடியோ லைட் வாங்கும் முன்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கரையில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருந்தால் வாங்கியவன் யோகம், இல்லாவிட்டால் அவன் தலையெழுத்து. கைமாறி வரும் ஸ்டுடியோ லைட்டை இன்றைக்குப் பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். எல்இடிக்கு மாறுகிறவர்கள் பழைய ஃபிளாஷ் செட்டை ஸ்டாண்டு, குடை, சாஃப்ட்பாக்ஸோடு மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவருக்கு அது நல்ல வாய்ப்புதான். 2017-இல் மூடப்பட்ட பிரிட்டிஷ் கம்பெனியான போவன்ஸின் லைட்டைக்கூட வாங்கலாம். அதன் மவுண்ட்டை கோடாக்ஸ் போன்ற கம்பெனிகள் இன்றும் பயன்படுத்துவதால் சாஃப்ட்பாக்ஸுக்குப் பஞ்சமில்லை. உதிரி பாகம் கிடைக்குமா என்பது வேறு கதை.

முதலில் உயிரைப் பார்ப்போம். ஃபிளாஷுக்குள் இருக்கும் கண்டென்சர் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும். சிலவற்றில் அதற்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே நிற்கும், தொட்டவரைக் கொல்லவும் போதும். ஆகவே மூடியைத் திறந்து பார்க்கும் ஆர்வம் வேண்டாம், மிக்ஸி ரிப்பேர் செய்பவரிடமும் கொடுக்க வேண்டாம். வருடக்கணக்கில் மூலையில் கிடந்த லைட்டை எடுத்தவுடன் முழுப் பவரில் அடிப்பதும் ஆபத்து. ஓய்ந்து கிடந்த கண்டென்சர் வெடிக்கக்கூடும். மிகக் குறைந்த பவரில் சிறிது நேரம் ஆன் செய்து வைத்து, படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்தது கேமரா. பழைய ஃபிளாஷ் சிலவற்றின் சிங்க் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும். இன்றைய கேமராக்கள் பல அதைத் தாங்காது. ஒயரை நேராகக் கேமராவில் செருகாமல் வயர்லெஸ் டிரிகர் போட்டால், போனாலும் டிரிகரோடு போகும்.

நம் தூத்துக்குடிக் காற்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். பிளக் பின்னிலும் ஃபியூஸ் ஹோல்டரிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் உள்ளேயும் அரித்திருக்கும் என்றே வையுங்கள். எர்த் பின்னை வெட்டிய ஒயர் வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். லைனில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருப்பது நல்லது. கண்டென்சரில் நிற்கும் மின்சாரத்துக்கு மட்டும் அது காவல் இல்லை. கப்பல் வழியாக வந்த சாமான் என்றால் லேபிளைப் படியுங்கள். 110 வோல்ட் லைட்டை 230-இல் மாட்டினால் புகைதான்.

விற்பவர் முன்னாலேயே, மேலே சொன்னபடி பவரைப் படிப்படியாக ஏற்றிய பிறகு, முழுப் பவரில் பத்து முறை அடித்துப் பாருங்கள். சார்ஜ் ஏறும் நேரம் வரவரக் கூடினாலோ, இடையில் ஒரு முறை அடிக்காமல் விட்டாலோ விலையைக் குறையுங்கள் அல்லது கிளம்புங்கள். டியூப் கறுத்திருந்தால் அது நிறைய உழைத்த லைட். பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

இனி சட்டம். அங்கே முதல் கேள்வி, விற்றவர் கடைக்காரரா, தனி ஆளா என்பது. கடை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று போர்டு மாட்டிவிட்டால் இந்தப் பொறுப்பு கழிந்துவிடாது. ஆனால் நீங்கள் சோதித்து வாங்கியிருந்தால், கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறையைப் பிறகு எழுப்புவது கஷ்டம். அதனால் எதைச் சோதித்தீர்கள், எது பழுது என்று சொல்லி விற்றார் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

“தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை” என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழில் செய்து பிழைக்கத் தானே பயன்படுத்துகிறவரை அதே சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். தீரவில்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. விற்ற கடை சென்னையில் இருந்தாலும் தூத்துக்குடியில் குடியிருப்பவர் இங்கேயே மனு போடலாம்.

ஆன்லைன் விளம்பரம் பார்த்துத் தனி ஆளிடம் வாங்குவது கிட்டத்தட்ட சிப்பி ஏலம்தான். பொருளைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். பணம் உங்களுக்குத் திரும்பி வர யூபிஐ பின் போட வேண்டிய அவசியமே கிடையாது. போடச் சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அதுதான் வழி.

இன்னொரு 1930-உம் உண்டு: அந்த ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். லைட் திருட்டுப் பொருள் என்று தெரியவந்தால், தெரியாமல் வாங்கியிருந்தாலும் உரியவரிடம் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்த பணத்தை விற்றவரிடம் கேட்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு விற்றவர் யார், எங்கே இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே சீரியல் நம்பரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடையாள அட்டை நகலையும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த லைட்டை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.