தொட்டி நீரும் ஓட வேண்டும்

தில்லியில் மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடி மீன் தொட்டி இடம்பெற்றிருக்கக் காண்கிறோம். பிள்ளைகள் வேண்ட, பெற்றோர் இணங்க, தொட்டி வந்து சேருகிறது. முதல் திங்களில் அதன் அழகைக் காண அண்டை வீட்டாரும் வருவர். மூன்றாம் திங்களில் கண்ணாடியெங்கும் பச்சை படர்ந்து, இலைகளில் மயிர் போன்ற பாசி தொங்கி, உள்ளே மீன் இருக்கிறதா என்று உற்று நோக்க வேண்டியதாகிவிடும். பலர் அத்துடன் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். அந்நிலைக்கு வந்து மீண்டவர்கள் யாம். ஆதலின் எமது பட்டறிவை நேயர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

எமது தொட்டி இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் கொண்டது. மணலும் கல்லும் போக ஏறத்தாழ 45 லிட்டர் நீர் கொள்ளும். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, நீர்ப்பிரம்மி ஆகிய செடிகளை நட்டு, வரிக்குதிரையைப் போல் உடலில் கோடுகள் கொண்ட ஸீப்ரா மீன்கள் பன்னிரண்டை விட்டிருந்தோம். கங்கைப் பகுதியின் மீன்களைப் பற்றி 1822ஆம் ஆண்டில் நூல் எழுதிய ஹாமில்ட்டன் என்பார் விவரித்த மீன்களுள் அதுவும் ஒன்று. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கிறது. கிழக்குச் சாளரத்தின் அருகே தொட்டியை வைத்தால் செடிகள் செழிக்குமென்று கருதினோம். செடிகளும் செழித்தன, பாசி அவற்றினும் செழித்தது.

மே மாதத்தில் ஒரு நாள் பொறுமை இழந்து, பாசிக்கொல்லி மருந்தை வாங்கி ஊற்றினோம். அன்றிரவு, பம்பின் இரைச்சல் உறக்கத்தைக் கெடுக்கிறதென்று அதனையும் நிறுத்தினோம். செடிகள்தாம் பிராணவாயு தருகின்றனவே, பம்பு எதற்கு என்று சமாதானமும் சொல்லிக்கொண்டோம். விடியற்காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடித் தவித்துக்கொண்டிருந்தன. ஏழு மீன்கள் அதற்குள் இறந்துவிட்டன. எம் மகள் ஒன்றும் பேசாமல் பள்ளிக்குப் போனாள். மாலையில் திரும்பியதும், "ராத்திரி பம்பை யாருப்பா நிறுத்தினது?" என்று மட்டும் கேட்டாள்.

நடந்தது இதுதான். செடி பகலில் வெளிச்சம் உள்ளபோது பிராணவாயுவை வெளிவிடும். ஆனால் இரவில் மீனைப் போலவே அதுவும் அதனை உட்கொள்ளும். ஆகவே தொட்டியில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும் வேளை விடியற்காலையே. மேலும், நீர் சூடேற ஏற அது தாங்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் கரைந்து நிற்குமென்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும். தில்லிக் கோடையில் நீர் அதற்கும் மேலே சூடேறுகிறது. மருந்தால் மடிந்த பாசி அழுகத் தொடங்கி, எஞ்சியதையும் பறித்துக்கொண்டது. அந்நேரத்தில் பம்பை நிறுத்தியது, மூச்சு வாங்குபவனின் மூக்கைப் பொத்தியது போலாயிற்று.

பம்பு விடும் குமிழிகளே நீருக்குக் காற்றூட்டுகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். குமிழி தரும் காற்று சிறிதே. காற்றும் நீரும் கலப்பது பெரும்பாலும் மேற்பரப்பில்தான். மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தால், அடிநீர் மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு மீண்டும் கீழே செல்லும். செடிக்கும் இவ்வோட்டம் தேவை. கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பதினாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அசையாத நீரில் இலையைச் சுற்றி ஒரு தேக்கப் படலம் நின்றுவிட, செடி உணவின்றி நலிகிறது. நலிந்த இலையின்மேல் பாசி குடியேறுகிறது.

இவற்றை அறிந்தபின் தொட்டியைச் சாளரத்தினின்று அகற்றி உட்சுவரோரம் வைத்தோம். மணிக்கு 200 லிட்டர் நீரை இறைக்கும் சிறு பில்டர் ஒன்றைப் பொருத்தினோம். தொட்டி நீர் மணிக்கு நான்கைந்து முறை அதன் வழியே சுற்றி வந்தால் இத்தகைய தொட்டிக்குப் போதும். ஆனால் பம்பின் வலிமையைவிட அது நோக்கும் திசையே முக்கியம் என்பதைப் பிறகுதான் கண்டோம். முதலில் அதன் வாய் எதிரே இருந்த பாறையில் மோதியது. பாறைக்குப் பின்னால் கசடு தேங்கி, நீலப்பச்சை நிறத்தில் ஓர் ஆடை படர்ந்து நாறியது. பாசியென்று வழங்கினும் அது உண்மையில் பாக்டீரியா இனம்; நீர் அசையாத மூலைகளில் எளிதில் படர்வது. அதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பாறையைப் பின்சுவரினின்று இரண்டங்குலம் தள்ளி வைத்தோம். பில்டரின் வாயை நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே, நீண்ட சுவரையொட்டித் திருப்பினோம். மேற்பரப்பில் மெல்லிய அலை தோன்றியது. மறுகோடியில் நின்ற வாலிஸ்னேரியாவின் நுனியும் அசைந்தது. ஒவ்வொரு செடியும் சிறிதேனும் அசைகிறதா என்று பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை வேறு இல்லை. நீண்ட துடுப்புகளையுடைய பெட்டா மீன் வளர்ப்போர் மட்டும் ஓட்டத்தை மிகவும் தணித்து வைக்க வேண்டும்.

விளக்கை நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்திற்குமேல் எரிப்பதில்லை. இதில் எம் வீட்டில் சற்றுப் பூசல் உண்டு. விருந்தினர் வரும்போதெல்லாம் விளக்கைப் போட வேண்டுமென்பது எம் இல்லத்தரசியாரின் கட்சி. இரண்டு நிமிடத்தில் உண்டு தீர்க்கும் அளவே மீன்களுக்கு இரை இடுகிறோம். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுகிறோம். பில்டரின் பஞ்சைக் குழாய்நீரில் அலசுதல் கூடாது. கழிவிலுள்ள அம்மோனியாவின் நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் அப்பஞ்சில்தான் வாழ்கின்றன. குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியினின்று எடுத்த நீரிலேயே அலசுக. நீர் முழுதும் பச்சையாகிவிட்டால், மூன்று நான்கு நாள் கறுப்புத் துணியால் தொட்டியை மூடி வைத்தால் தெளியும். அப்போதும் பம்பு நிற்கலாகாது.

பாசியைத் தின்னுமென்று கடைகளில் 'சக்கர்' மீனை விற்பர். அதனை வாங்க வேண்டா. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் ஓரடிக்கு மேல் வளரும். தொட்டியில் இடம் போதாமல் பலர் ஆற்றிலும் குளத்திலும் விட்டுவிட, இன்று அது நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகிக் கேடு விளைக்கிறது.

எஞ்சிய ஐந்து மீன்களோடு இப்போது மேலும் ஆறு சேர்ந்துள்ளன. கண்ணாடியில் சிறிது பச்சை இன்னும் படியத்தான் செய்கிறது; ஞாயிறுதோறும் பழைய துணியால் துடைத்துவிடுகிறோம். கோடையில் ஓர் இரவு மின்சாரம் தடைப்பட்டது. பம்பின் ஓசை நின்றதும் விழித்து எம்மை எழுப்பியவள் எம் மகளே. மின்சாரம் திரும்பும்வரை சில நிமிடங்களுக்கொருமுறை தொட்டி நீரை ஒரு குவளையில் மொண்டு, அரையடி உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். பாதி முறை அவளுடையது.