"சபாஷ்" என்றால் என்ன பொருள்?

திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறை. தொழிலாளி சாவியை அரத்தால் ராவுகிறார். பூட்டில் விட்டுத் திருப்புகிறார். 'கடக்' என்று திறக்கிறது! பார்த்துக்கொண்டிருந்தவர், "சபாஷ்!" என்கிறார்.

பள்ளியில் பரிசு வாங்கிய பையனுக்கும் சபாஷ். கச்சேரியில் நன்றாக வாசித்தவருக்கும் சபாஷ். தினமும் சொல்கிறோமே, இதன் பொருள் என்ன?

பாரசீகச் சொல்

இது பாரசீக மொழியில் இருந்து வந்த சொல். பாரசீகம் என்பது இன்றைய ஈரான் நாடு. அந்த மொழியில் "ஷாத்" என்றால் மகிழ்ச்சி. "பாஷ்" என்றால் "இரு". "ஷாத் பாஷ்" என்பது "ஷாபாஷ்" ஆகி, தமிழில் "சபாஷ்" ஆயிற்று.

ஆகவே, அதன் பொருள் "நன்றாகச் செய்தாய்" என்பது அல்ல. "மகிழ்ச்சியாக இரு" என்பதாகும். அது வெறும் புகழ்ச்சி அல்ல, வாழ்த்து!

இங்கே வந்த கதை

மொகலாயர் ஆட்சியில் பாரசீகமே அரசாங்க மொழி. ஆற்காட்டு நவாப் தர்பாரிலும் அதற்கு இடம் இருந்தது. 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு "பவுஜ்தார்" ஆக வந்தார். படைத்தலைவர் என்று பொருள்படும் இந்தப் பட்டமும் பாரசீகம்தான். 1792-ல் திண்டுக்கல் ஆங்கிலக் கம்பெனியார் கைக்குப் போயிற்று.

தர்பார்கள் மறைந்தன. சொற்கள் மறையவில்லை. தாசில்தார், ஜமாபந்தி, சர்க்கார் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. சபாஷ், சினிமாவுக்கும் போயிற்று. 1958-ல் "சபாஷ் மீனா" என்றே ஒரு படம் வந்தது.

தமிழில் சொல் இல்லையா? இருக்கிறது. "பாராட்டு" என்பது பழைய தமிழ்ச் சொல். திருக்குறளிலேயே (994) அது வருகிறது.

வாழ்த்து பலிக்க வேண்டாமா?

மறுபடியும் பட்டறைக்கு வருவோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலரும் சபாஷ் போட்டார்கள். ஆனால், இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்தபின் கைத்தொழில் நலிந்துவிட்டது. பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"மகிழ்ச்சியாக இரு" என்று வாயால் வாழ்த்திவிட்டு, வேறு பூட்டை வாங்கிக்கொண்டு போனால் அவர் எப்படி மகிழ்ச்சியாக இருப்பார்?

அடுத்த முறை திண்டுக்கல் போனால், ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். அதுதான் முழு சபாஷ்!